கையில் நிறம் கூடாது

சமீரா வகுப்பு எடுக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்ணாமலைக்கு அதுதான் ஆகாது. இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிற வகுப்பில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பாள். வேலை கேட்டுப் போகிறவள் சிரித்துக்கொண்டா போவாள்?

இத்தனைக்கும் சமீரா வருவதற்கு முன்னால் அந்த இடம் உண்ணாமலையின் ராஜ்ஜியமாகத்தான் இருந்தது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் உரக்கடையின் மாடி. ஒரு தொண்டு நிறுவனம் அதை வாடகைக்குப் பிடித்து, பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இலவசமாக வகுப்பு நடத்தியது. 2006-ஆம் வருஷம் அது. சென்னைக்குப் பக்கத்தில் செல்போன் செய்கிற கம்பெனி ஒன்று, பிளஸ் டூ படித்த பெண்களாகப் பார்த்து ஊர் ஊராக வந்து ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. தீபாவளி கழிந்த சனிக்கிழமை பெரம்பலூருக்கு வரப்போவதாகத் தகவல். உடையார்பாளையத்திலிருந்துகூடப் பெண்கள் பஸ் ஏறி வருவார்கள் என்றார்கள்.

உண்ணாமலையின் முறை நாற்பது கேள்வி, நாற்பது பதில். கரும்பலகையில் எழுதிப் போடுவாள். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்ய வேண்டும். கதவை எப்படித் தட்டுவது, உள்ளே வரலாமா என்று எப்படிக் கேட்பது, உட்காரச் சொல்லும்வரை நாற்காலியைத் தொடாமல் எப்படி நிற்பது எல்லாம் அதில் அடக்கம். உன் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால் இருபத்தொரு பேரும் 'புத்தகம் வாசிப்பது' என்பார்கள். என்ன புத்தகம் என்று கேட்டால் இருபத்தொரு பேரும் விழிப்பார்கள். அது நாற்பத்தொன்றாவது கேள்வி.

ஜூன் மாதம் கூட்டம் அதிகமாகவே, பொறுப்பாளர் கிருஷ்ணமூர்த்தி மதியத்துக்கு இன்னொரு வகுப்பு ஆரம்பித்து சமீராவைக் கொண்டுவந்து சேர்த்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரி, வயது முப்பது. கணவர் காமில் துபாயில் துணிக்கடை மேனேஜர். அவளும் அங்கே ஐந்து வருஷம் இருந்துவிட்டு, மகளின் படிப்புக்காகப் பெரம்பலூரில் வீடு எடுத்திருந்தாள். அவளுக்குக் கரும்பலகையே வேண்டியதில்லை. நேற்று உங்கள் வீட்டில் என்ன குழம்பு, யார் வைத்தது, உப்பு சரியாக இருந்ததா என்று ஆரம்பிப்பாள். பிள்ளைகள் தமிழில் அளப்பார்கள். அதையே இங்கிலீஷில் சொல்லுங்கள் பார்ப்போம் என்பாள். ஒரே மாதத்தில், வாயைத் திறக்காத பிள்ளைகளெல்லாம் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றி இங்கிலீஷில் சண்டை போட்டன. உண்ணாமலையை 'மிஸ்' என்று கூப்பிட்டவர்கள் இவளைச் 'சமீராக்கா' என்றார்கள்.

உண்ணாமலைக்குப் பொறாமை. சுற்றி வளைப்பானேன், பொறாமையேதான். அவள் கட்டுகிற சேலைமேல் பொறாமை, அவள் இங்கிலீஷ்மேல் பொறாமை, வெள்ளிக்கிழமை தவறாமல் துபாயிலிருந்து வரும் போன்மேல் பொறாமை. உண்ணாமலையின் கணவன் ஆண்டவரும் வெளியூரில்தான் இருந்தான். போர்வெல் லாரியோடு வடக்கே போனவன் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். போன் அதைவிடக் குறைவு. அதனால் அவள் பேரளியில் அப்பா வீட்டோடுதான் இருந்தாள். ஒருமுறை சமீரா துபாய்ப் பேரீச்சம்பழம் ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள். வீட்டில் எல்லாரும் கொண்டாடினார்கள். உண்ணாமலை, திகட்டுகிறது என்று முகத்தைச் சுளித்துவிட்டு ஆறு பழம் தின்றாள்.

அந்த வீட்டில் வளர்மதி என்று ஒரு தங்கை. பதினெட்டு வயது, அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். அப்பா சாமிதுரை அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டார். கம்பெனியில் எடுத்தால் போ. எடுக்காவிட்டால் தை மாதம் குன்னத்து மாமா மகன் செல்லமுத்துவுக்குக் கழுத்தை நீட்டு. செல்லமுத்து கெட்டவனில்லை. மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் வைத்திருந்தான்; மூச்சு விடாமல் அதைப் பற்றியே பேசுவான். வளர்மதிக்கு அவன்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. பதினெட்டு வயதில் குன்னத்தில் போய் அடைந்துகொள்ள மனசில்லை, அவ்வளவுதான்.

இதே பேச்சை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா உண்ணாமலையிடமும் பேசியிருந்தார். அவளும் விடாமல் ஆறு இன்டர்வியூவுக்குப் போனாள். திருச்சிக்கு இரண்டு, அரியலூருக்கு மூன்று, கடைசியாகப் பெரம்பலூரிலேயே ஒன்று. எங்கும் எடுக்கவில்லை. இருபது வயதில் ஆண்டவருக்குக் கழுத்தை நீட்டினாள். பி.ஏ.வெல்லாம் அதற்கப்புறம் அஞ்சல்வழியில் படித்ததுதான். இன்டர்வியூ சொல்லித்தருகிற மிஸ் எந்த இன்டர்வியூவிலும் தேறியதில்லை என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாது. வளர்மதிக்குத் தெரியும்.

வளர்மதி முதலில் அக்காவின் காலை வகுப்பில்தான் இருந்தாள். ஆகஸ்டில் ஒருநாள், மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு வர நேரமாகிறது, மதிய வகுப்புக்கே போகிறேன் என்றாள். மாடு அதற்கு முந்தின மாதமும் இருந்தது.  உண்ணாமலை அன்றைக்கு வகுப்பில் நாற்பது கேள்வியையும் இரண்டு தடவை ஒப்பிக்க வைத்தாள்.

செப்டம்பரில் கிருஷ்ணமூர்த்தி இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒத்திகைக்கு ஓர் இன்டர்வியூ நடத்தினார். எல்லாரையும்விட வளர்மதிதான் நன்றாகப் பேசினாள். சமீராவைப் பார்த்து, பிள்ளையை ரொம்ப நன்றாகத் தயார் செய்திருக்கிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார் அவர். உண்ணாமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளைக்குக் கையைப் பிடித்து அ எழுதக் கற்றுக்கொடுத்தவள் அவள். பள்ளிக்கூடத்துக்கு இடுப்பில் தூக்கிப் போனவள் அவள். இரண்டு மாதம் குழம்புக் கதை பேசியவளுக்குப் பாராட்டா?

அக்டோபர் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கிருஷ்ணமூர்த்தி அதை உண்ணாமலையிடம் கொடுத்து, பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள், மதியம் சமீரா வந்ததும் அவரிடமும் காட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஏதோ வேலையாக அரியலூர் பஸ் ஏறினார். கடிதத்தில் எட்டு விதிகள். ஏழு விதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. அசல் சான்றிதழ், போட்டோ என்பது மாதிரி. மீதி ஒன்றுதான் புதிது. கையிலோ நகத்திலோ மருதாணி, நகப்பூச்சு எதுவும் இருக்கக் கூடாது. எறும்பு அளவுப் பாகங்களைக் கையால் எடுத்துப் பொருத்துகிற வேலை. தேறியவர்கள் இன்டர்வியூ முடிந்த திங்கட்கிழமையே வேலையில் நிற்க வேண்டும். நிறம் போகும்வரை காத்திருக்கக் கம்பெனிக்கு நேரமில்லை.

அந்த வருஷம் தீபாவளி இருபத்தொன்றாம் தேதி. பிறை தெரிந்தால் இருபத்தைந்து வாக்கில் ரம்ஜான். இருபத்தெட்டு இன்டர்வியூ. ஒரே வாரத்தில் இரண்டு பண்டிகை என்றால் மருதாணி வைக்காத கை பெரம்பலூரில் எங்கே கிடைக்கும்?

உண்ணாமலை கடிதத்தைக் காட்டத்தான் நினைத்தாள். நியாயத்துக்கு அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மணிக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பை மறைத்து வைத்திருந்த தடுப்புப் பலகைவரை போனாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. யாரோ அவளைப் போலவே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டுவது, 'உள்ளே வரலாமா சார்' என்ற இழுவை, அதற்கு முன்னால் வரும் தொண்டைச் செருமல்கூட அச்சு அசல். அது வளர்மதியின் குரல்.

"போதும்மா" என்றாள் சமீரா. "அவங்க சொல்லிக் குடுக்குறதும் உங்களுக்கு வேணும். எவ்ளோ கஷ்டப்பட்டு எழுதிப் போடுறாங்க, பாவம்."

கேலியைக்கூட உண்ணாமலை பொறுத்திருப்பாள். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்கு நடந்தாள்.

நாளைக்குக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டாள். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. வியாழக்கிழமைதான் பண்டிகைக்கு முந்தின கடைசி வகுப்பு. தன் பிள்ளைகள் இருபத்தொரு பேருக்கும் எட்டு விதிகளையும் படித்துக் காட்டி, இந்தத் தீபாவளிக்கு ஒருத்தி கையிலும் மருதாணி இருக்கக் கூடாது என்று கண்டித்துச் சொன்னாள். செட்டிகுளத்துப் பெண் ஒருத்தி, மதிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள்.

"அவங்களுக்கு அவங்க மிஸ் சொல்லிக்குவாங்க" என்றாள் உண்ணாமலை.

அந்தப் பெண் மேற்கொண்டு கேட்கவில்லை. கம்பெனி மொத்தம் முப்பது பேரைத்தான் எடுக்கப்போகிறது என்பது அவளுக்கும் தெரியும்.

தீபாவளிக்கு வளர்மதி மருதாணி அரைக்கவில்லை. உண்ணாமலைக்குத் திக்கென்றது. யாராவது சொல்லிவிட்டார்களோ? அம்மா கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பெருநாளுக்கு முந்தின நாள் மதிய வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சமீரா வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். துபாயிலிருந்து மருதாணிக் கோன் வந்திருக்கிறதாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவளே போட்டுவிடப் போகிறாளாம். வேலைக்குப் போகிற கை வெறுங்கையாய்ப் போகக் கூடாது, இன்ஷா அல்லாஹ் சிவந்த கையோடு போய் வேலையோடு வாருங்கள் என்றாளாம். அதற்காகவே பத்தொன்பது பிள்ளைகளும் தீபாவளிக்கு மருதாணி வைக்காமல் கையைக் காலியாக வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வளர்மதி திரும்பி வந்தாள். இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடியே பஸ்ஸில் வந்திருக்கிறாள். செருப்பை உதறிவிட்டு, பசிக்கிறது, ஊட்டி விடு என்றாள். அம்மா பருத்தி எடுக்கப் போனவள் இன்னும் வரவில்லை.

உண்ணாமலை சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். கையில் மருதாணி ஈரமாகவே இருந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை கொடியும் பூவுமாக அவ்வளவு அழகு. சமீராவுக்கு இதுவும் வருகிறது. இப்போதே கழுவினால் லேசாக மஞ்சள் பூத்த மாதிரி இருக்கும். நாலு நாள் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தால் போய்விடும். இது உண்ணாமலைக்கு நன்றாகவே தெரியும். இரண்டாவது வாய் ஊட்டும்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். மூன்றாவது வாய்க்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வளரு" என்றாள்.

வளர்மதி வாயில் சோற்றோடு பேசிக்கொண்டிருந்தாள். "வேல கெடைச்சா மொத ஆளா சமீராக்காகிட்டதான்க்கா சொல்லணும். அவங்க இல்லன்னா நானெல்லாம் அங்க போயி ஊமையாத்தான் நின்னுருப்பேன். என்னக்கா, ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. தண்ணி வேணுமா?"

தண்ணீரும் கொடுத்தாள். சோறு தீர்ந்ததும் தங்கையின் வாயைத் துடைத்துவிட்டாள். அன்று இரவு அவள் தூக்கம் வராமல் புரண்டாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நன்றாகத்தான் தூங்கினாள். விடிந்து பார்த்தால் வளர்மதியின் கை ரத்தமாய்ச் சிவந்திருந்தது. அவள் அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை இன்டர்வியூ ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமகள் அறையில் மேஜை போட்டிருந்தார்கள். 'மணமகள்' என்ற பலகையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து ஐந்து பேராக உள்ளே கூப்பிட்டார்கள். கம்பெனியிலிருந்து வந்த மேடம் முதலில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். மதிய வகுப்புப் பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். வளர்மதி என்ன சொன்னாளோ, மேடம் வாய்விட்டுச் சிரித்தது வெளியே நின்ற உண்ணாமலைக்கும் கேட்டது. எடுத்துவிடுவார்கள், இவளை எடுத்தேவிடுவார்கள் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது பயமா ஆசையா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு மேடம், கையை நீட்டுங்கள் என்றார்.

பத்தொன்பது பேர் கையும் சிவந்திருந்தது. மேடத்துக்கே பாவமாகத்தான் இருந்தது. நன்றாகப் பேசுகிறீர்கள், ஆனால் விதியை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, இனி இந்தப் பக்கம் வருவது அடுத்த வருஷம்தான் என்று சொல்லி அனுப்பினார். காலை வகுப்பில் இருபத்தொரு பேரும் வெறுங்கையை நீட்டினார்கள், பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது என்றார்கள், தேறினார்கள். என்ன புத்தகம் என்று மேடம் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்து கிருஷ்ணமூர்த்தி பதறிக்கொண்டு வந்தார். மண்டபத்து வாசலில் பிள்ளைகள் சமீராவைச் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தார்கள்.

"லெட்டரை உங்ககிட்டதானே குடுத்தேன்" என்றார் உண்ணாமலையிடம். "சமீராகிட்ட காட்டலையா?"

"சொன்னேன் சார்" என்றாள் உண்ணாமலை.

சமீரா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.  பிறகு கிருஷ்ணமூர்த்தி பக்கம் திரும்பினாள்.

"சொல்லியிருப்பாங்க சார். நோன்பு மயக்கத்துல நாந்தான் காதுல வாங்காம இருந்துட்டேன் போல. புள்ளைங்க கைய நானே கெடுத்துட்டேன்."

நம்பித்தான் சொன்னாளா, காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா என்று உண்ணாமலைக்கு விளங்கவேயில்லை. வெட்கப்பட வேண்டிய அந்த நேரத்திலும் அவளுக்குப் பொறாமைதான் வந்தது. செய்யாத தப்பை ஏற்றுக்கொண்டு அதிலும் அவளே நல்ல பெயரைத் தட்டிக்கொண்டு போகிறாளே என்று இருந்தது. வேலை போன பிள்ளைகள் அவளைக் கோபிக்கக்கூட இல்லை; அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்கள். உண்ணாமலையின் பிள்ளைகளோ, வீட்டுக்குச் செய்தி சொல்ல எதிரே எஸ்.டி.டி. பூத்தில் வரிசை கட்டி நின்றார்கள். மிஸ் எங்கே என்று ஒருத்தியும் தேடவில்லை. வளர்மதி மட்டும் அழவில்லை. பூத் வரிசையில் நின்றவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

 வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா என்ன ஆயிற்று என்று கேட்டார். உண்ணாமலை வாயைத் திறப்பதற்கு முன்னால் வளர்மதி முந்திக்கொண்டு, கண் டெஸ்டில் எடுபடவில்லை என்றாள். அப்பா துருவிக் கேட்கிறவர் இல்லை. சரி, குன்னத்துக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு அவர் பெரிய மகள் பக்கம் திரும்பினார். உன் பிள்ளைகள் அத்தனை பேரும் தேறிவிட்டார்களாமே, கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள், கெட்டிக்காரிதான் நீ என்றார். பெற்ற நாளிலிருந்து அவர் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. 

கொல்லைப்பக்கம் தங்கை தனியாக நின்றபோது உண்ணாமலை போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அப்பாகிட்ட எதுக்குடி பொய் சொன்ன?"

"உள்ளதச் சொன்னா உன்னையில்ல கேப்பாரு" என்றாள் வளர்மதி. குரலை உயர்த்தவே இல்லை. "உன் கிளாஸ் புள்ளைங்க ஒருத்தி கையிலயும் மருதாணி இல்லக்கா. தீபாவளிக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குச் சோறு ஊட்டுனப்பவும் தெரிஞ்சிருக்கு."

உண்ணாமலை, அந்தச் சமீரா இருக்கிறாளே என்று ஏதோ ஆரம்பித்தாள். வளர்மதி முடிக்கவிடவில்லை.

"சமீராக்கா மேல உனக்குப் பொறாமைன்னு எனக்கு எப்பவோ தெரியும். எம்மேலயும் பொறாமைன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

இல்லையடி என்று சொல்லத்தான் உண்ணாமலை வாயெடுத்தாள். தான் ஆறு தடவை போய் ஆறு தடவையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்த இந்த வீட்டிலிருந்து, இவள் ஒரே தடவையில் தேறிப் போய்விடுவாள் என்று அந்தச் செவ்வாய்க்கிழமை சோற்றைப் பிசையும்போது நினைத்தது ஞாபகம் வந்தது.  வளர்மதி வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.